ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாதியில் நிற்கும் இயந்திரம்

குறைக்கடத்தித் தொழிற்சாலைக்குள் நுழையும் ஒரு சிலிக்கான் வேஃபர் என்னும் மெல்லிய வட்டத் தகடு, மேற்பரப்பெல்லாம் சில்லுகளாகி வெளியே வருவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அந்தக் காலத்தில் அது பல நூறு படிகளைக் கடக்கிறது. படலம் ஏற்றுவது, ஒளியால் வடிவம் பதிப்பது, வேண்டாத பகுதியை அரித்தெடுப்பது, அயனிகளைச் செலுத்துவது, கழுவுவது, மெருகிடுவது என்று ஒரே வகையான வேலைகள் திரும்பத் திரும்ப அதன்மேல் நடக்கின்றன. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இயங்கும் தொழிற்சாலையில் இந்த மூன்று மாதத்திற்குள் ஏறக்குறைய 180 முறை ஆட்கள் மாறிவிடுகிறார்கள். சில்லுத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் நானோமீட்டர் அளவுகளைப் பற்றியும், நாடுகளுக்கு இடையிலான போட்டியைப் பற்றியும், பல கோடி வெள்ளி விலையுள்ள இயந்திரங்களைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள். இந்த 180 கைமாற்றங்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. பராமரிப்பு டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில், ஓர் ஆலை நன்றாக நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் ஜொகூர் பாருவைச் சேர்ந்தவன். வேலை செய்யும் ஆலை கடலுக்கு அப்பால், சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்; ஆனால் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் போக, குடிநுழைவுச் சோதனையின் நெரிசலைக் கணக்கிட்டு, விடியலுக்கு வெகு முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். அந்தப் பேருந்தில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் இருப்போம். 1968 வாக்கில் அமெரிக்க நிறுவனங்கள் சில்லுகளைப் பொருத்தி உறையிடும் ஆலைகளைச் சிங்கப்பூரில் தொடங்கின. 1980களில் வேஃபர் ஆலைகளும் வந்தன. இன்று உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் ஆகிய இடங்களில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொழிற்பேட்டைகள் உள்ளன. உலகில் தயாராகும் சில்லுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்தச் சிறிய தீவிலிருந்து போகிறது. அவற்றை உருவாக்கும் இயந்திரங்களை இரவும் பகலும் நிற்காமல் ஓட வைப்பதில் பாலத்தைக் கடந்து வரும் மலேசியர்களின் பங்கு மிகப் பெரியது.

என் பகுதி எட்ச். ஒளியால் பதித்த வடிவத்தை, மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவைக் கொண்டு வேஃபரில் அரித்தெடுக்கும் வேலை அது. நடுவில் வெற்றிடத்தில் இயங்கும் ஒரு ரோபோ கையும், அதைச் சுற்றி சேம்பர் எனப்படும் மூடிய அறைகள் நான்கைந்தும், முன்புறம் வேஃபர் பெட்டிகளை வைக்கும் மேடைகளும் கொண்டது எங்கள் இயந்திரம். 300 மில்லிமீட்டர் விட்டமும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமனும் உள்ள வேஃபர்கள், பெட்டிக்கு 25 வீதம், கூரையில் ஓடும் தண்டவாள வண்டிகளில் வந்து இறங்குகின்றன. சேம்பருக்குள் அழுத்தம் சில மில்லிடார் முதல் நூறு மில்லிடார் வரை இருக்கும். மில்லிடார் என்பது டார் என்ற அழுத்த அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தம் 760 டார் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வெற்றிடம் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். அதற்குள் குளோரின், ஹைட்ரஜன் புரோமைடு, ஃபுளோரின் சேர்ந்த வாயுக்கள் ஆகியவற்றை அளந்து விட்டு, 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை மின்திறனால் பிளாஸ்மாவை ஏற்றுகிறோம்.

பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று காண்பது மேல்தளத்தை மட்டுமே. துளையிட்ட தரைக்குக் கீழே இன்னொரு தளம் முழுதும் எங்களுடையது. வெற்றிட பம்புகள், குளிர்விப்பான்கள், மின்திறன் பெட்டிகள், கழிவு வாயுவை எரித்துக் கழுவும் ஸ்க்ரப்பர்கள் எல்லாம் அங்கே இடைவிடாத இரைச்சலில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்க்ரப்பரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. எட்ச் வேலையில் பயன்படும் கார்பன் டெட்ராஃபுளோரைடு வாயு வளிமண்டலத்தில் கலந்தால் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் அழியாமல் இருக்கும். அதை அழிக்க வேண்டிய ஸ்க்ரப்பர் சாம்பல் நிறப் பொடி அடைத்து நின்றுபோகும்போது, முழங்கையளவு கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் குழாய்களைச் சுரண்டித் துப்புரவு செய்பவர் எங்களில் ஒருவர். ஆலையிலேயே மிகக் குறைவாக மதிக்கப்படும் அந்த வேலையை மிக முக்கியமான வேலைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பிளாஸ்மா ஓடிய மணிக்கணக்கு ஒரு வரம்பைத் தொட்டதும் சேம்பரைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இதைத்தான் பிஎம், அதாவது முன்தடுப்புப் பராமரிப்பு என்கிறோம். முதலில் நைட்ரஜனை நிரப்புவதும் உறிஞ்சி எடுப்பதுமாகப் பலமுறை சேம்பரை அலச வேண்டும். அப்படி அலசிய பிறகும், மூடியைத் தூக்கியவுடன் சுவரில் படிந்திருக்கும் குளோரின், புரோமின் எச்சங்கள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமில ஆவியாகும் என்பதால், உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகமூடியோடுதான் குனிய வேண்டும். தேய்ந்த வளையங்களையும் உறைகளையும் கழற்றிப் புதியவற்றை மாட்டுகிறோம். ஆல்கஹால் தோய்த்த தூசியற்ற துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறோம். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை அது தொடரும். காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை விளக்கடித்துப் பார்த்து, ஒரு முடி அளவு கீறலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடியை இறக்குகிறோம். அதன் பிறகு பம்ப் செய்து, வால்வை அடைத்துவிட்டு, அழுத்தம் நிமிடத்திற்கு எத்தனை மில்லிடார் ஏறுகிறது என்று கவனிக்கிறோம். அது வரம்பைத் தாண்டினால் ஹீலியம் கருவியைக் கொண்டு கசிவைத் தேட வேண்டும். கசிவு இல்லையென்றாலும் வேலை முடிந்துவிடாது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போல, விற்பனைக்கு உதவாத வேஃபர்களை வரிசையாக ஓட்டிச் சேம்பரின் சுவரைப் பழக்க வேண்டும். கடைசியாகத் தூசித் துகள்களை எண்ணி, அரிப்பு வேகத்தையும் அது வேஃபர் முழுதும் சீராக உள்ளதா என்பதையும் அளந்த பின்னரே உற்பத்திப் பிரிவிடம் இயந்திரத்தை ஒப்படைக்க முடியும்.

இவ்வளவும் ஒரே ஷிஃப்டில் முடிவது அரிது. நான் திறந்த சேம்பரை வேறொருவர் மூடுவார். வேறொருவர் மாட்டிய ஓ-ரிங்கின் கசிவை நான் அளப்பேன். தொடங்கியவரே முடிப்பது என்பது எங்கள் வேலையில் விதிவிலக்கு. தச்சரோ கொத்தனாரோ மறுநாள் வந்து தம் கையால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, அடுத்து வருபவருக்கு என்ன சொல்லிவிட்டுப் போகிறோம் என்பது திருகாணி முடுக்குவதற்கு நிகரான தொழில்திறன். ஆனால் பயிற்சி வகுப்புகளில் திருகாணியை எவ்வளவு முறுக்குவிசையில் முடுக்க வேண்டும் என்று கற்றுத்தருகிறார்களே தவிர, இதைக் கற்றுத்தருவதில்லை.

கணினியில் எல்லாம் பதிவாகிறதே என்று கேட்கலாம். செமி ஈ10 என்ற தொழில்துறைத் தரநிலை, ஓர் இயந்திரத்தின் நேரத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. உற்பத்தி, காத்திருப்பு, பொறியியல் சோதனை, திட்டமிட்ட நிறுத்தம், திட்டமிடாத நிறுத்தம், கணக்கில் சேராத நேரம் என்பவை அவை. மேலாளர்களின் அறிக்கைகள் இந்த ஆறையும் வைத்தே எழுதப்படுகின்றன. மூடி திறந்து கிடக்கும் சேம்பரும், மூடியாகிவிட்டாலும் எட்டுத் திருகாணிகளில் நான்கு கையால் மட்டும் இறுக்கப்பட்டிருக்கும் சேம்பரும் அந்தக் கணக்கில் ஒன்றே. இரண்டும் திட்டமிட்ட நிறுத்தம். வேறுபாடு விட்டுப்போனவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவர் அதைச் சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டால் அடுத்தவர் பம்பைப் போட்டுவிட்டு, ஏறும் அழுத்தத்தைப் பார்த்து, கசிவின் காரணத்தை வெகுநேரம் தேடிக்கொண்டிருப்பார்.

உணர்கருவிகள் பற்றியும் இதையே சொல்வேன். இன்றைய இயந்திரம் நொடிக்குப் பலமுறை அழுத்தம், வாயு ஓட்டம், வெப்பம், மின்திறன் எல்லாவற்றையும் பதிந்து, வழக்கத்திலிருந்து சற்று விலகினாலும் எச்சரிக்கிறது. கீழ்த்தளப் பம்பின் அதிர்வை வைத்து அது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடுகளும் உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன்; பல இரவுகளில் அவை என்னைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் இயந்திரம் நிறுத்தப்பட்டுத் திறந்து கிடக்கும் நேரத்தில் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை எதையும் அறிவதில்லை. அப்போது நடப்பதைப் பார்ப்பவை எங்கள் கண்கள் மட்டுமே.

ஒரு நிகழ்வைச் சொன்னால் இது தெளிவாகும். பிளாஸ்மா ஓடும்போது வேஃபர் சூடேறும். வெற்றிடத்தில் அந்த வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்று இல்லாததால், வேஃபருக்கும் அதை மின்விசையால் பிடித்துக்கொண்டிருக்கும் சக் என்ற மேடைக்கும் இடையில் சிறிதளவு ஹீலியத்தைச் செலுத்துகிறோம். வேஃபர் தட்டையாக உட்காரவில்லையென்றால் ஹீலியம் ஓரத்தில் கசியும், ஓட்டம் கூடும், இயந்திரம் நின்றுவிடும். எங்கள் இயந்திரம் ஒன்றில் இந்த எச்சரிக்கை வாரத்திற்குச் சில முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வரத் தொடங்கியது. ஒரு ஷிஃப்ட் வேஃபரைத் தூக்கும் ஊசிகளை மாற்றியது. இன்னொன்று வாயு ஓட்டக் கருவியை மாற்றியது. மூன்றாவது ஷிஃப்ட் சக் மேடையையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தது. அது ஒரு முழு நாள் வேலை, விலையும் மிக அதிகம். ஒவ்வொருவர் செய்ததும் அவரவர் பார்வையில் சரியாகவே இருந்தது.

எங்களுக்கு எதிர் ஷிஃப்டில் வயதில் மூத்த பிலிப்பினோ டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அவருடைய குறிப்புகள் நீளமானவை. சிலர் அவற்றைப் படிக்கச் சலித்துக்கொள்வார்கள். எச்சரிக்கை வந்த ஒவ்வொரு முறையும், அது எந்தப் பெட்டியின் எந்த அடுக்கில் இருந்த வேஃபர், இங்கு வருவதற்கு முன் எந்த இயந்திரத்தில் இருந்தது என்பதையும் அவர் எழுதிவைத்திருந்தார். கேட்காமலே எழுதிய அந்த ஒரு வரி, சில வாரக் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது உண்மையைக் காட்டியது. நின்ற வேஃபர்கள் எல்லாமே வேறொரு பகுதியில் படலம் ஏற்றும் ஒரே இயந்திரத்தைக் கடந்து வந்தவை. அங்கே வேஃபரின் பின்புற ஓரத்தில் மெல்லிய எச்சம் படிந்ததால் அது எங்கள் மேடையில் சரியாக உட்காரவில்லை. பழுது எங்கள் இயந்திரத்தில் இருக்கவே இல்லை. அந்தச் சக் மேடையை நாங்கள் மாற்றவில்லை. தனக்கு விளங்காத ஒன்றை, விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, விளங்கக்கூடிய இன்னொருவருக்காக அப்படியே எழுதிவைத்த அந்த மனிதரை நான் இன்றும் என் ஆசிரியராகவே நினைக்கிறேன்.

கைமாற்றத்தில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. எங்களைச் சுற்றியுள்ள குழாய்களில் ஓடுபவற்றில் சில காற்றுப் பட்டவுடன் தாமாகவே தீப்பற்றக்கூடியவை, சைலேன் அப்படிப்பட்டது. ஹைட்ரஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாக வரலாம்; அதற்குள் அது ஆழமாக ஊடுருவிவிடும். அதனால்தான் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு கையெட்டும் இடத்தில் எப்போதும் வைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தையோ வாயுவையோ அடைத்துவிட்டு வேலை செய்பவர் அந்த விசையில் தம் பெயரெழுதிய பூட்டைப் போட வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக்கூடாது. வேலை பாதியில் கைமாறும்போது, வருபவர் தம் பூட்டை மாட்டிய பிறகே போகிறவர் தம் பூட்டை எடுப்பார். இருவரும் இயந்திரத்தின் முன் ஒன்றாக நிற்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களை வீண் நேரம் என்று எந்த மேலாளர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

கைமாற்றம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடியும் காலை ஏழு மணி என்பது, விழித்திருந்தவரின் மனம் மிகவும் களைத்திருக்கும் நேரம். வருபவரோ விடியலுக்கு முன் எழுந்து எல்லை கடந்து வந்தவர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2007-இல் உடலின் அன்றாட ஒழுங்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் இரவு ஷிஃப்டை மீண்டும் ஆராய்ந்து அதே வகையில் வைத்தது. அந்த நீண்டகால ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்களிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. அன்றாடம் நாங்கள் உணர்வது வேறு: அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு நினைவு வழுக்கும். ஆகவே, ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து குறிப்பு எழுதும் வழக்கத்தை நான் கைவிட்டு வெகுகாலமாகிறது. ஒவ்வொரு பாகத்தைத் தொட்டதும் அப்போதே எழுதுகிறேன். புதிதாக வருபவர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

2020 மார்ச் 18 முதல் மலேசியா எல்லையை மூடியபோது இந்த வழக்கமெல்லாம் சோதனைக்கு உள்ளானது. பாலத்தைக் கடந்து தினமும் வந்துகொண்டிருந்தவர்கள், ஒன்று சிங்கப்பூரிலேயே தங்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும் என்ற நிலை வந்தது. பெட்டியோடு வந்து தங்கியவர்களில் நானும் ஒருவன். தரைவழிப் பயணம் 2021 நவம்பர் இறுதியில் ஓரளவுக்குத் திறந்து, 2022 ஏப்ரல் முதல் நாளில் முழுமையாகத் திறக்கும்வரை, பலர் தங்கள் பிள்ளைகளைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்தார்கள். ஆலைகள் நிற்கவில்லை. தொற்று பரவாமலிருக்க ஒரு ஷிஃப்ட் ஆட்கள் இன்னொரு ஷிஃப்ட் ஆட்களைச் சந்திக்கக்கூடாது என்று விதிக்கப்பட்டதால் நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போவது முற்றாக நின்றது. விரலால் தொட்டு, இந்த இடத்தைப் பாருங்கள் அண்ணே என்று காட்ட முடியாமல் போன பிறகுதான், அந்த விரல் எவ்வளவு செய்துகொண்டிருந்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது. கேமரா உள்ள சொந்தத் தொலைபேசிகளை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால், ஆலையின் கைக்கணினியில் படம் பிடித்து, அதில் அம்புக்குறி போட்டு அனுப்பினோம். அந்தப் படங்கள் பெருந்தொற்று முடிந்த பின்னும் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் விளைந்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

திருநாட்களிலும் இந்தக் கைமாற்றம் எங்களை இணைக்கிறது. தீபாவளியன்றும் சீனப் புத்தாண்டன்றும் நோன்புப் பெருநாளன்றும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. காவடி எடுக்கும் தம்பி ஒருவனுக்காக ஒரு மலாய் நண்பர் ஆண்டுதோறும் அன்றைய ஷிஃப்டை ஏற்றுக்கொள்வார். நோன்புப் பெருநாளில் அவருடைய இடத்தில் அந்தத் தம்பி நிற்பான். யாரும் எழுதிவைக்காத இந்த ஏற்பாடு அட்டவணையைப் போலவே தவறாமல் நடக்கிறது.

மின்தடை வரும்போது ஒரு ஷிஃப்டின் வேலை எல்லா ஷிஃப்டுகளின் வேலையாகிவிடும். எங்கள் இயந்திரங்கள் மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று செமி எஃப்47 தரநிலை சொல்கிறது. அதற்கு மேல் நீடித்தால் உத்தரவாதம் இல்லை. 2019 ஜூன் 15 அன்று ஜப்பானின் யொக்காய்ச்சி நகரில் உள்ள நினைவகச் சில்லு ஆலைகளில் ஏறத்தாழ 13 நிமிடம் மின்சாரம் நின்றது; உற்பத்தி வழக்கத்திற்குத் திரும்பச் சில வாரங்கள் ஆயின. வெளியில் இருப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் நிற்கும்போது, ஒவ்வொன்றிலும் எந்த வேஃபர் எந்தப் படியில் சிக்கியிருக்கிறது, எந்தப் பம்ப் திரும்ப ஓடத் தொடங்கியது, எது இறுகிவிட்டது, எந்தச் சேம்பருக்குள் ஈரக்காற்று புகுந்தது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் பத்து இயந்திரங்களைப் பார்த்துவிட்டுப் போனால், பதினொன்றாவதிலிருந்து அடுத்தவர் நம்பிக்கையோடு தொடங்க வேண்டும். முதல் பத்தைப் பற்றிய குறிப்பில் ஐயம் எழுந்தால் அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். மீட்பு நீண்டுகொண்டே போகும்.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து டிப்ளமோ முடித்த உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனம் தைவானின் பவர்சிப் நிறுவனத்தோடு சேர்ந்து வேஃபர் ஆலை அமைக்க 2024 பிப்ரவரியில் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளும் நாட்டின் பல இடங்களில் எழுகின்றன. இந்தத் துறையில் சேரலாமா என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும், தாராளமாகச் சேருங்கள் என்றே சொல்கிறேன். வெற்றிடம், வாயு, மின்சாரம், இயந்திரவியல், வேதியியல் எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வேறு தொழிலில் எளிதில் கிடைக்காது. சம்பளம், விடுதி, இரவுப்படி பற்றியெல்லாம் அவர்களாகவே கேட்டுக்கொள்வார்கள். நேர்காணலின் முடிவில் வேறு ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள்; அப்போது இரண்டைக் கேட்கச் சொல்கிறேன். போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் ஒன்றாக இருக்கும் நேரம் எத்தனை நிமிடம், அந்த நிமிடங்களுக்குச் சம்பளம் உண்டா? இரண்டுக்கும் தயங்காமல் விடை சொல்லும் ஆலையாக இருந்தால், மற்றதில் சிறிது குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.